லோவெல் ஸ்டாம்பரின் சட்டப்படியான எண்ணெய்

லோவெல் ஸ்டாம்பரை எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியும். அதில் மனிதர் வாயைத் திறந்து பேசியதெல்லாம் மனைவி இறந்துபோன பிறகு, என் கடையில்தான். காலை ஒன்பது மணிக்கு நான் ஷட்டரைத் தூக்கும்போது அவர் பிக்கப் வண்டி வாசலில் நிற்கும். வந்து ஹீட்டர் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். நான் கொடுக்கும் காபியைத் தண்ணி என்று திட்டிக்கொண்டே இரண்டு கோப்பை குடிப்பார். மத்தியானம் போவார். எங்கே போவார்? யாருமில்லாத அந்த வீட்டுக்குத்தான்.

என் பெயர் நெட்டி. விற்பது ஹெம்ப் சாமான்கள். கஞ்சாச் செடியின் பங்காளி, ஆனால் போதை ஏறாத இனம். எண்ணெய், களிம்பு, மிட்டாய். எங்கள் கென்டக்கி மாநிலத்தில் புகையிலை போட்டவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் இதைப் போட்டுப் பார்த்து, கையைச் சுட்டுக்கொண்டார்கள். லோவெலும் ஒருத்தர். முட்டி வலிக்கு என்னிடம் எண்ணெய் வாங்குவார். கேட்கிறதா என்றால், "கேக்குற மாதிரிதான் இருக்கு, உன் காபியை விட மோசமில்ல" என்பார்.

போன அக்டோபரில் அவர் மகள் டார்லா ஓக்லஹோமாவிலிருந்து கூப்பிட்டாள். தையல் அறையைக் காலி செய்து கட்டில் போட்டிருக்கிறாளாம். மூன்று வாரம் வந்து இருங்கள், ஒத்துவந்தால் கிறிஸ்துமஸுக்குள் இங்கேயே வந்துவிடுங்கள் என்றாளாம். அதை என்னிடம் சொல்லும்போது மனிதர் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி அலமாரியைத் துடைத்தேன்.

விமானத்தில் எண்ணெய் கொண்டுபோகலாமா என்று கேட்டார். "தாராளமா. நாடு முழுக்கச் செல்லுற சட்டம் இருக்கு, போற மாநிலத்துலயும் தடை இல்ல" என்றேன். சின்ன பாட்டில், லேபிள் கிழியாமல். அதில் கஞ்சாச் சத்து துளிதான் இருக்கிறது என்று காட்டும் லேப் ரிப்போர்ட், பாட்டிலில் இருக்கும் அதே நம்பரோடு. சட்டத்தின் அந்தப் பக்கத்தைக்கூடப் பிரிண்ட் எடுத்து ஒரு ஃபைலில் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை மனப்பாடமே செய்தார். மூன்று நாள் என்னைப் போலீஸாக நிற்கவைத்து ஒத்திகை.

போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது. "ஒருத்தனும் கேக்கல நெட்டி. ஏர்போர்ட்ல செக் பண்ற பொண்ணு பாட்டிலைப் பாத்துட்டு, 'போங்க தாத்தா, பெல்ட்டை மறந்துட்டுப் போயிடாதீங்க'ன்னுச்சு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் மனுஷனுக்கு ஏமாற்றம்.

நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தேன். லாரி ஓட்டுகிறவன் யார் கடைக்குள் வந்தாலும் என் முதல் வார்த்தையே, இதைச் சாப்பிட்டால் வேலை இடத்தில் போதைக்கு எடுக்கும் சிறுநீர்ப் பரிசோதனையில் மாட்டலாம் என்பதுதான். அந்தத் துளியைச் சட்டம் விட்டாலும் பரிசோதனை விடாது. லோவெலுக்கு அதைச் சொல்லவில்லை. எழுபத்து மூன்று வயது ரிட்டயர் ஆன ஆளை எவன் பரிசோதிக்கப் போகிறான்?

டார்லாவின் புருஷன் டெல்மர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். நாள் முழுக்க அந்த சீட்டில் உட்கார்ந்து இடுப்பு போச்சு என்று புலம்புவானாம். லோவெல் ஃபைலை எடுத்துக் காட்டி, இது சட்டப்படி சரி என்று தினமும் சாயங்காலம் அவன் நாக்குக்கு அடியில் சில சொட்டு விட்டிருக்கிறார். அந்த வாரங்களில் மாப்பிள்ளை அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசினானாம். "எனக்கு ஒரு மகன் கிடைச்ச மாதிரி இருக்கு" என்று போனில் சொன்னார். பஸ் ஓட்டுகிறவனைப் பரிசோதிப்பார்களே என்று எனக்கு உறைத்தது. அப்போதே "கொடுக்காதீங்க" என்று கத்தியிருக்க வேண்டும். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை, நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். வெட்கங்கெட்ட சோம்பல்.

மறுநாளே டெல்மரைப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். மாட்டினான். வேலை போனது.

லோவெல் ஃபைலைத் தூக்கிக்கொண்டு பஸ் டிப்போவுக்கு ஓடியிருக்கிறார். அங்கிருந்த அம்மா ஒரு பக்கம் விடாமல் படித்தாளாம். படித்துவிட்டு, "உங்க பேப்பர் சரிதான் சார். அவரோட ரிசல்ட்டும் சரிதான்" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாளாம்.

இரண்டு நாளில் ஊருக்கு வந்துவிட்டார். கடைக்கு வரவில்லை. அவருக்கு முன்னால் டார்லாவின் போன் வந்தது.

"அப்பா சொல்றாரு, பரிசோதனை பத்தி நீங்க தெளிவா எச்சரிச்சீங்களாம். தெரிஞ்சேதான் என் புருஷனுக்குக் குடுத்தாராம். நெசமா? வக்கீல் கேக்குறாரு, எனக்கும் தெரிஞ்சாகணும்."

வக்கீல் என்றதும் என் கண் அலமாரிக்குத்தான் போனது. பாட்டிலில் என் கடைப் பெயர்தான் இருக்கிறது.

"ஆமாம்மா. சொன்னேன்" என்றேன்.

"அப்ப சரி" என்று வைத்துவிட்டாள். அந்த 'சரி'யில் அப்பனுக்கு இனி அந்த வீட்டில் கட்டில் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. புரிந்தும் ராத்திரி சாப்பிட்டேன், தூங்கினேன். நான் அப்படிப்பட்டவள்.

திங்கட்கிழமை அவர் வந்தார். அதே நாற்காலி. இளைத்திருந்தார். காபியைக் கொடுத்தேன், திட்டவில்லை.

"எதுக்கு மிஸ்டர் லோவெல் அப்படிப் பொய் சொன்னீங்க? நான் எச்சரிக்கவே இல்லையே."

"டெல்மர் உன் மேல கேஸு போடுறேன்னு நின்னான்" என்றார். "அவனைக் குத்தம் சொல்ல முடியாது. வேலை போயிருக்கு."

"அதுக்கு? உங்க மக இனி உங்களை அவ மூஞ்சியில முழிக்க விடமாட்டா. தெரியாம குடுத்தீங்கன்னா மன்னிச்சிருப்பா."

கோப்பையைக் கீழே வைத்தார். "மக வீடு எப்படியும் போச்சு நெட்டி. உன் கடையையும் மூட வச்சுட்டா, காலையில எந்திரிச்சு நான் எங்க போறது?"

எனக்கு அழுகை வரவில்லை, என் மேலேயே கோபம் வந்தது. போனை எடுத்து டார்லா நம்பரைப் போட்டேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. எழுந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"டார்லா, அன்னிக்கு நான் சொன்னது பொய்" என்றேன். "நான் எச்சரிக்கல. உங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. என்னைக் காப்பாத்தத்தான் அவர் பழியை ஏத்துக்கிட்டாரு. நீ கேஸு போடுறதுன்னா போடு."

  "அப்பா அங்கதான் இருக்காரா?" என்றாள்.

போனோடு பார்க்கிங்குக்கு ஓடினேன். வண்டி நகர ஆரம்பித்திருந்தது. கதவைத் தட்டினேன். கண்ணாடியை இறக்கினார்.

"உங்க மக. உண்மையைச் சொல்லிட்டேன். உங்ககிட்ட பேசணுமாம்."

போனை வாங்கினார். காதில் வைக்கவில்லை. டார்லா உள்ளே "அப்பா, அப்பா" என்று கூப்பிடுவது எனக்கே கேட்டது. இந்தத் தடவை ஃபைலும் இல்லை, ஒத்திகையும் இல்லை. அவர் என்னைப் பார்த்து மெதுவாக, "நான் என்ன பேசணும் நெட்டி?" என்று கேட்டார்.