பதினாலாம் பிள்ளை

எங்கட ஊரில் பள்ளிக்கூட றிப்போட் வந்தால் முதற்கேள்வி, "வகுப்பில் எத்தினையாம் பிள்ளை?" என்பதுதான். பதினாலாம் பிள்ளை என்றால் றிப்போட்டை ஒளித்து வைப்போம்.

மகளுக்குப் பதினாறு வயதில், நாடு முழுவதிலுமிருந்து இளையோர் வந்த பனிச்சறுக்குப் போட்டியில் ஒஸ்லோவின் இரண்டாவது அஞ்சலோட்ட அணியில் அவளுக்கும் இடம் கிடைத்தது. அணியின் மூன்று பெண்பிள்ளைகளில் கடைசியாகப் போவது அவள்தான். "மற்ற ரெண்டு பேரும் பிடிச்ச இடத்தை நான் விட்டிடுவன் போலை கிடக்கு, அம்மா" என்று காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. அவளுக்கென்று இறைச்சி வைத்துப் பொரித்த றோல்ஸைப் பெட்டியில் எடுத்துக்கொண்டேன்.

பதினேழாவதாகப் புறப்பட்டவள் பதினாலாவதாக வந்து சேர்ந்தாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து, ஒஸ்லோவில் மோர்டென்ஸ்ருட் பக்கம் இருக்கிற என் அண்ணாவின் போன்.

"எத்தினையாம் பிள்ளை?"

"பதினாலு" என்றேன், குரலைத் தாழ்த்தி. "ஆனா மூண்டு பேரை முந்தினவள்."

"சரி, விழாமல் வந்தாளே, அது காணும்."

மகள் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள். "மாமா, நான் பதினாலு இல்லை. நாங்கள் பதினாலு. மூண்டு பேரும் சேர்ந்து."

அண்ணா வழிக்கு வந்தார். "ஓம், ஊர் கூடித்தானே தேர் இழுக்கிறது. அப்ப உன்ர அம்மா மற்றப் பிள்ளையளுக்கும் றோல்ஸ் குடுத்தவவோ?"

நான் மகளுக்கு மட்டும்தான் கட்டிக்கொண்டு போனனான். திரும்பிப் பார்த்தால், பெட்டி மற்ற இருவரின் மடியில் இருந்தது. ஒருத்தி உறைப்பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடுத்ததை எடுத்தாள்.

"ஓம் அண்ணா, குடுத்தாச்சு" என்றேன்.