ராடார் படத்தின் மூலையில் மூன்றரை மணி

இன்று காலை ஒன்பது மணி தாண்டி, தோணி இறக்கப் புறப்பட்ட பக்கத்து வீட்டுப் பீற்றர் என்னிடம் தொலைபேசியை நீட்டினார். யாரோ பகிர்ந்த வானிலை ராடார் படத்தில், எங்கள் கல்லடிக்குக் கிழக்கே கடலில் புயலைக் காட்டும் பெரிய சிவப்புத் திட்டு.

"சேர், இது உண்மையா?"

படத்தின் மூலையில் மூன்றரை மணி என்றிருந்தது. இப்படி வருபவற்றை நான் எளிதில் நம்புவதில்லை. "விடியப்புறத்துப் படம். புயல் இப்ப கலைஞ்சிருக்கும்" என்றேன்.

அவர் போன பிறகு என் மேலேயே சந்தேகம் வந்தது. படத்தில் இருந்தது உலகப் பொது நேரம். நம் நேரம் அறிய அதோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். கூட்டினால் ஒன்பது; சற்று முன் எடுத்த படம்.

சைக்கிளை மிதித்துக் கரைக்குப் போனேன். தோணி மணலிலேயே இருந்தது.

"பீற்றர், நான் பிழையாச் சொல்லிட்டன்."

"ஓம் சேர். நீங்க சொன்னத நம்பாமத்தான் இறக்காம நிக்கிறன்."

இப்போது காற்று கூரையை உலுப்புகிறது. என்னை நம்பாதவர்கள் இன்னும் இருந்தால் கீழே கருத்தில் சொல்லுங்கள். நிம்மதியாக இருக்கும்.