மொட்டை மேனேஜர் தலை வாரினார்

போன வாரம் ஒரு பொய்யைப் பிடித்தேன். ஆவடியிலிருந்து கிளம்பும் மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில், காலை எட்டே காலுக்கு.

எனக்கு த்ரில்லர் நாவல் பித்து உண்டு. அதிலும், 'நான்' என்று கதையை ஆரம்பித்து, நம்மை முழுசாக நம்ப வைத்து, முந்நூறாம் பக்கத்தில் கழுத்தை அறுப்பார்களே... அந்தக் கதைசொல்லிகள்! அவர்களோடு பழகிப் பழகி என் புத்தியே கெட்டுவிட்டது. பால்காரர் “இன்னிக்கு மாடு கறக்கல” என்றால்கூட, மாட்டிடம் ஒரு வார்த்தை விசாரிக்கத் தோன்றுகிறது.

இந்தப் புளுகர்கள் எங்கே மாட்டுவார்கள் தெரியுமா? பெரிய விஷயத்தில் மாட்டவே மாட்டார்கள். சில்லறை விவரத்தில்தான் வழுக்குவார்கள்.

நிர்மலா தினமும் என் எதிர் சீட். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அம்பத்தூர் வருவதற்குள் அவளுடைய மேனேஜரைப் பற்றி ஒரு எபிசோட் ஓடிவிடும். பெட்டியே சிரிக்கும்.

“திருப்பதி போய் மொட்டை போட்டுகினு வந்துட்டாருக்கா. லைட்டே வேணாம், அப்டி மின்னுது!” என்றாள் ஒரு நாள்.

பத்தே நாள் கழித்து, போன செவ்வாய்க்கிழமை: “சீப்பால தலை வாரிகினே திட்றாருக்கா மனுஷன்!”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பத்து நாள் மொட்டையில் வாருவதற்கு என்ன இருக்கிறது?

நான் இறங்க வேண்டியது பெரம்பூரில். ஆனால் அவள் பின்னாலேயே அம்பத்தூரில் இறங்கினேன். கேவலம்தான், ஒப்புக்கொள்கிறேன். எஸ்டேட்டுக்குள் ஒரு கேட்டில் நின்று வாட்ச்மேனிடம் ஏதோ கேட்டாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அடுத்த கேட்... அதற்கடுத்த கேட்...

நான்காவது கேட்டில் திரும்பியவள் என்னைப் பார்த்துவிட்டாள். முகம் வெளிறிப் போயிற்று.

“ஆள் குறைச்சுட்டாங்கக்கா. ரெண்டு மாசம் ஆச்சு. ஊட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிஞ்சா, ‘போதும், ஊட்லயே இரு’ன்னுடுவாரு. ஒரு தபா உக்காந்துட்டா அப்பறம் எழுந்துக்கவே முடியாதுக்கா. வேற வேல கெடைக்கிற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

துப்பறிந்த பெருமையெல்லாம் போய், எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அடுத்த சிக்கல். அவள் கணவர் சேகர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். தினமும் அவளை ஸ்டேஷனில் இறக்கிவிடும்போது எனக்கும் ஒரு வணக்கம் வைப்பார். அன்று அவள் உள்ளே போனதும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“யக்கா, அவ வேலையெல்லாம் ஒழுங்கா போவுதா?”

“ஓ! நிர்மலா இல்லாட்டி அந்த செக்‌ஷனே ஓடாதாம். புது ஆர்டர் வேற வந்திருக்காம்” என்று கூச்சமே இல்லாமல் அளந்துவிட்டேன்.

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். போலீஸ்காரர்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

“போன மாசம் கண்ணாடிய மறந்துட்டுப் போய்ட்டாக்கா. குடுக்கலாம்னு கம்பெனிக்குப் போனேன். அவங்க வேலைலேர்ந்து நின்னுட்டாங்களேன்னு வாட்ச்மேன் சொல்லிட்டான்.”

புது ஆர்டரை வாபஸ் வாங்க நான் வாய் திறக்க, அவர் கையமர்த்தினார்.

“தெரிஞ்ச மாரி காட்டிகினா நொறுங்கிடுவா. அதான் டெய்லி டிபன் பாக்ஸ் கட்டிக் குடுத்து அனுப்பிகினு கீறேன். அவளுக்காக வாய் கூசாம பொய் சொல்ல நீங்க ஒருத்தர் கீறீங்க... அது போதும். நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

ஆக, பெண்டாட்டியின் ரகசியம் என்னிடம். புருஷனின் ரகசியமும் என்னிடம். ஒன்று கசிந்தாலும் அந்த வீட்டில் இரண்டும் உடையும். அப்படியிருக்க, பத்திரிகையில் பத்தி எழுதுகிறவளின் கை சும்மா இருந்ததா? எல்லாவற்றையும் இங்கே கொட்டிவிட்டேன்.

அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் பெயர், ஊர், வேலை எல்லாமே பொய் – நான் ரயிலில் போவதே இல்லை!