சாரதிப் பக்கத்துத் தகரம்

எங்கள் காருக்கு இரண்டே கதவுகள். சிவப்பு நிறம். பழைய யப்பான் கார், தரையோடு படுத்த மாதிரி ஓடும். என் கணவர் பள்ளிமுனையிலிருந்து கொழும்புக்கு மீன் லொறி ஓட்டியவர். காலமெல்லாம் லொறியின் உயரத்தில் இருந்தவருக்கு, கையை நீட்டினால் தார் தட்டுப்படுகிற மாதிரி ஒரு வண்டியில் ஆசை. லொறியை விட்ட பிறகு அதை வாங்கி என் பெயரில் பதிந்தார். எனக்கு ஓட்டத் தெரியாது.

பிறகு சிறுநீரகம் பழுதாகி, ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கத் தொடங்கினார்கள். அங்கே ஓட்டோவில் போய் வருவோம். உடம்பு ஒத்துழைக்கிற ஞாயிறுகளில் மட்டும் பூசைக்குக் காரை எடுப்பார். அப்படிப் போய்த் திரும்பும்போதுதான் என் செருப்பு கால்மிதிப் பாயோடு சேர்ந்து கீழே அமிழ்ந்தது. பாயைத் தூக்கினேன்.

"இஞ்சருங்கோ, நிப்பாட்டுங்கோ. கீழை றோட்டுத் தெரியுது!"

அவர் நிறுத்தி, குனிந்து பார்த்து, சிரித்தார். நோய் வந்த பிறகு அப்படி அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

"உப்புக் காத்துத் திண்டிட்டுது. நாங்கள் அடைப்பம்."

"விப்பமே?" என்றேன். அவர் கியரைப் போட்டுக் காரை எடுத்தார். மறுநாள் விடிய எழும்பிப் பார்த்தால், கொட்டிலுக்குள் இருக்கையின் நட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சுத்திகரிப்பு ஊசி ஏற்றுவதற்காக அவருடைய இடது கையில் இரண்டு இரத்தக் குழாய்களை ஒன்றாக ஒட்டியிருந்தார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லியும் இருந்தார்கள். நட்டுத் திருகும் சாவியைப் பறித்து நானே கழற்றினேன்.

நான் தையல்காரி. இரும்பு வேலை எனக்குப் புதிது. அவர் பிளாஸ்டிக் கதிரையைக் கார் கதவோடு போட்டு உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்லச் செய்தேன். கம்பளத்தை இழுத்தெடுத்தால், அடியில் இருந்த பஞ்சு ஊறிப் புளித்துப்போய்க் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன். நமுத்த பிஸ்கட்டில் குத்தியது போல உள்ளே போனது.

"இன்னும் தள்ளிக் குத்தும். டொக்கெண்டு சத்தம் வருமட்டும் போகவேணும். ஊத்தை இரும்புக்கு மேலை புதுத் தகரம் ஒட்டினால் ஒரு மாரிக்கும் தாங்காது."

தகரத்தை வெல்டிங் செய்து ஒட்டுவதற்கு இலுப்பைக்கடவையிலிருந்து இரும்புக் கேற் செய்கிற ஒருவர் வந்தார். என்னை அக்கா என்பார். அவர் கிரைண்டரால் பழுதை வெட்டியெடுத்தார். அந்த ஓட்டையின் அளவுக்குத் தகரம் வேண்டும். நான் ஓட்டைக்கு மேலே காகித மட்டையை வைத்து, சட்டைக்குக் கழுத்து வரைவது போல வளைவைப் பென்சிலால் எடுத்தேன்.

"உள்மடிப்பு விட்டனீரோ?" என்றார் என் கணவர்.

"ஓம். ஒரு விரல் அகலம்."

"அப்ப சரி, தையல்காரியம்மா, மட்டையை வெட்டும்."

மட்டையின்படி வெட்டிய தகரம் அச்சொட்டாக உட்கார்ந்தது. ஒட்டுகிறவர் முதலில் பெற்றோல் குழாயைக் கழற்றி ஒதுக்கினார். பொறி பறந்தால் அணைக்க நான் ஈரச் சாக்கோடு நின்றேன். ஒட்டி ஆறியதும் என்னை ஏறி நின்று குதிக்கச் சொன்னார் என் கணவர். நான் வெட்கப்பட்டேன். பிறகு குதித்தேன். அவர் கைதட்டினார்.

என் பக்கம் முடிந்தது. சாரதிப் பக்கத்தைத் தொடங்குவதற்குள் அவருக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. நெஞ்சில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரி வாட்டில் ஒட்சிசன் மூடியை விலக்கிவிட்டு என்னைக் கேட்டார்:

"வெளியிலை மழையோ?"

"ஓம், தூறுது."

"பெயின்ற் அடிக்காத இரும்பு. மூடிப் போட்டனீரோ?"

"படங்கு போட்டு மூடினனான். நீங்கள் படுங்கோ."

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

அவர் போன முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும், காரை அப்படியே பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாம் என்றார் அவருடைய தம்பி. எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஒட்டுகிறவருக்குப் போன் எடுத்து வரச் சொன்னேன்.

சாரதிப் பக்கத்தில் அவருடைய குதிக்கால் ஊன்றுகிற இடம் தனியாகத் தெரிந்தது. பெயின்ற் தேய்ந்து, அதைச் சுற்றித்தான் துரு ஆழமாக இறங்கியிருந்தது. வெட்டிய துண்டைக் கையில் வாங்கினேன். வைத்திருக்கலாம் என்றுதான் வாங்கினேன். அது பொருக்குப் பொருக்காக உடைந்து மடியில் கொட்டியது. ஒட்டுகிறவர் கிரைண்டரை நிறுத்திவிட்டார்.

"அக்கா, இண்டைக்கு விடுவமே?"

"வேண்டாம் தம்பி. இன்னும் டொக்கெண்டு சத்தம் வரேல்லை. வெட்டுங்கோ."

அந்தத் தகரத்துக்கும் மட்டை நானே வெட்டினேன். பொருத்துகளுக்குப் பசை பூசி, துரு பிடிக்காத பெயின்ற் அடித்து, கடைசியில் காருக்கடியில் மல்லாக்கப் படுத்துத் தார் பூசினேன். தலைமயிரெல்லாம் தார். சரியாகப் பூசுகிறேனா என்று கேட்கத் திரும்பினேன். கதிரை வெறுமையாக இருந்தது.

ஓட்டத் தெரியாத நான் வைத்து என்ன செய்ய? இரும்புக்குக் கொடுக்கச் சொன்ன காரை, ஓட்ட ஆசைப்பட்ட ஒரு பொடியன் வாங்கினான். மறிச்சுக்கட்டிப் பக்கம் வேலை செய்கிறவன். விலைப் பேச்சு எல்லாவற்றையும் அவருடைய தம்பி பார்த்துக்கொண்டார். பொடியன் கீழே படுத்து, விரலால் தட்டித் தட்டிக் கேட்டுவிட்டு ஏறிப் போனான். நான் வாசலில் நின்றேன்.

சில நாட்களில் அந்தப் பொடியனிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, என்ர கூட்டாளியின்ர காருக்கும் அடித்தகரம் போச்சு. உங்கடையை உங்கட வீட்டுக்கார அண்ணைதான் நிண்டு செய்விச்சவராம். அவரோடை ஒருக்காக் கதைக்கலாமோ?"

"அவர் இல்லைத் தம்பி."

"அப்பப் பின்னேரம் எடுக்கிறன்" என்று வைத்துவிட்டான்.

திருப்பி எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பின்னேரம் வரைக்கும் அவர் எங்கேயோ வெளியில் போயிருக்கிறார் என்று ஓர் ஆள் நம்பிக்கொண்டிருப்பது எனக்கு வேண்டியிருந்தது. தைக்க இருந்த துணியைத் தொடவும் மனம் வரவில்லை.

பின்னேரம் போன் அடித்தது. எந்தத் தடிப்பில் தகரம், எவ்வளவு தூரம் வெட்டுவது, முதலில் எதைக் கழற்றுவது என்று அவர் சொன்னபடியே ஒன்றும் விடாமல் சொல்லிக் கொடுத்தேன். எல்லாம் முடிந்த பிறகுதான் அவர் தவறிவிட்டார் என்றேன். பொடியன் உடனே போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.