முப்பத்தோராம் இலக்க வீடு

போன மாதம் ஒரு பிள்ளை தொலைபேசியில் அழைத்து, "நான் மரியதாசின்ர மகள் கதைக்கிறன்" என்றாள். மரியதாஸ் என்று எனக்கு ஒருவரையும் தெரியாது. பிழையான இலக்கம் என்று சொல்லி வைக்கப் போனேன். "ஜெர்மனியில அப்பாவை அன்ரன் எண்டுதான் கூப்பிட்டவையாம்" என்றாள் அவசரமாக. நான் கதிரையில் இருந்துவிட்டேன். இரண்டு வருடம் ஒரே அறையில் படுத்து, ஒரே சட்டியில் தின்ற மனிதரின் சொந்தப் பெயரை, இத்தனை காலம் கழித்து அவருடைய மகள் சொல்லித்தான் அறிகிறேன். அன்ரன் என்பது ஜெர்மனிக்கு அனுப்பிவிட்ட முகவர் கொடுத்த கள்ளக் கடவுச்சீட்டில் இருந்த பெயர்.

அன்ரன் அண்ணை போன வருடம் மன்னாரில் செத்துப்போனாராம். பிள்ளை படிக்க இங்கே ஆஹென் நகருக்கு வந்திருக்கிறாள். அப்பா இருந்த பேக்கரி வீட்டை ஒருக்கால் காட்டச் சொல்லிக் கேட்டாள். ஓம், சனிக்கிழமை வாங்கோ என்று சொல்லிவிட்டேன். இல்லாத வீட்டை எப்படிக் காட்டுவது என்று யோசித்தது பிறகுதான். என் புத்தி எப்போதும் அப்படித்தான், பஸ் போன பிறகு வந்து நிற்கும்.

அலுமாரியின் மேல்தட்டில் இருந்து அந்த வீடு இருந்த ஊரைப் பற்றிப் பிராவ் கிரேமர் என்ற ஜெர்மன் அம்மா எழுதிய புத்தகத்தை எடுத்து விரித்தேன். பழைய கடதாசி மணக்கத்தான் வேண்டும். ஆனால் என் மூக்குக்கு வந்தது புளித்த மாவின் மணம். அந்தப் பேக்கரிக்காரர் வீட்டை விற்றுவிட்டுப் போய் வருடக்கணக்காகியும், மழை நாட்களில் பாண் சுட்ட சூளை அறைச் சுவரில் இருந்து அந்த மணம் கிளம்பும். அகதிகளாக வந்த தமிழர் எங்கள் ஐந்து பேரை நகரசபை அங்கே குடிவைத்திருந்தது. சூளையின் வாய்க்குள் நாங்கள் காற்சட்டை காயப்போடுவோம்.

அந்தக் கிராமத்துக்குக் கீழே நிலக்கரி இருந்தது. தோண்டுவதற்காக ஊரையே எழுப்பி வேறிடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சனங்கள் மனு எழுதினார்கள், பதாகை கட்டினார்கள், வழக்கும் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் சரிவரவில்லை. பத்துக் கிலோமீற்றர் தள்ளிப் புது ஊர், அதே தெருப்பெயர்கள். ஊரை விட்டு ஓடி வந்த எங்களை, ஊரே எழும்பி ஓடிக்கொண்டிருந்த இடத்தில் கொண்டுபோய் இருத்தியிருந்தார்கள். இதை நினைத்து அந்த நாட்களில் நன்றாகச் சிரித்திருக்கிறோம். வேறென்ன செய்வது?

பிராவ் கிரேமர் அந்த ஊரின் தபால்காரி, ஓய்வு பெற்றவர். எல்லாக் கதவையும் தட்டியவர். ஊர் போகமுதல் வீடு வீடாக அதன் கதையை எழுதிவிட வேண்டும் என்று நின்றார். ஒருநாள் தெருவில் அளவுநாடாவின் ஒரு நுனியைக் கல்லால் அழுத்திவிட்டு மறுநுனியோடு அவர் மல்லுக்கட்டியதைப் பார்த்து, நான் போய்ப் பிடித்தேன். ஊரில் நில அளவை படித்து அரைவாசியில் விட்டவன். இங்கே எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. சும்மா நாடா பிடிக்க ஒரு சட்டமும் தடையில்லை. அன்று தொடங்கிய உத்தியோகம் ஒன்றரை வருடம் ஓடியது. சீதனக் காணி அளக்கிறவர்களைப்போல அவர் கொப்பியோடும் நான் நாடாவோடும் திரிந்தோம். அன்ரன் அண்ணை படியில் இருந்துகொண்டு, "தம்பி, மனிசி உமக்கு எத்தனை பரப்புக் காணி எழுதப் போறாவாம்?" என்று கேட்பார்.

எத்தனை கண்டுபிடித்தோம் என்கிறீர்கள்! வாசல் உத்தரத்தில் கொத்திய வருடங்கள், பன்றிக் கொட்டிலுக்குப் பின்னால் கோயிலைவிடப் பழைய மதில், இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்த காலத்தில் சனங்கள் ஒளித்திருந்த நிலவறையில் மெழுகுதிரிக் கரி. ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருந்தார்கள் என்று பிராவ் கிரேமர் பூட்டன் காலம்வரை எழுதினார். எங்கள் வீட்டில், அந்தப் போர் முடிந்தபின் கிழக்கே இருந்து ஓடிவந்த ஒரு குடும்பம் இருந்ததாம். ஆறு பேர், அதே சூளை அறையில். அங்கேயே இறந்துபோன கைக்குழந்தையின் பெயரைக்கூட எழுதினார். இதை நான் சொன்னபோது அன்ரன் அண்ணை எழும்பிப்போய் அந்த அறைச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தார்.

எங்கள் எல்லாரிலும் அவருக்குத்தான் அந்த ஊர் பிடித்திருந்தது. அந்த ஊர்க் கத்தோலிக்கக் கோயிலிலும் செபஸ்தியார், மன்னாரில் அவருடைய கரையோரக் கோயிலிலும் செபஸ்தியார். திருநாளில் அந்தப் புனிதரின் சுரூபம் தூக்க இளம் ஆட்கள் போதாமல் போக, ஒரு தோளை அவருக்குக் கொடுத்தார்கள். அன்று அவர் நடந்த நடையை நான் மறக்கவில்லை.

எல்லா வீடும் முடிந்து கடைசியில் எங்கள் வீட்டுக்கான தாள் வந்தது. பிராவ் கிரேமர் குசினி மேசையில் இருந்து, ஐந்து பேரின் பெயரையும் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இதிலென்ன, சொல்ல வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். எங்களிடம் பெயர் கேட்டவர்கள் எல்லாம் பட்டியலோடு வந்தவர்கள். ஊரில் ஆமி கேட்டது, இயக்கம் கேட்டது. இங்கே விசா விசாரிக்கும் கந்தோர் கேட்டது. எந்தப் பெயரைச் சொல்வது என்பது அதற்கு மேல் ஒரு சிக்கல். அன்ரன் அண்ணையின் அகதி விண்ணப்பம் அப்போது இரண்டாம் முறையும் தள்ளுபடியாகியிருந்தது.

"அவ நல்ல மனிசிதான் தம்பி. ஆனா அந்தத் தாள் ஆரின்ர கைக்குப் போகுமெண்டு அவவுக்கும் தெரியாது. பேர் ஒண்டும் போடாதை" என்றார் அன்ரன் அண்ணை.

இது ஊருக்கான புத்தகம், கந்தோர்காரர் இதைப் படிக்க மாட்டார்கள் என்று பிராவ் கிரேமர் எவ்வளவோ சொன்னார். ஆளில்லை என்றே போடுங்கோ என்று நாங்கள் நின்றோம். கடைசியில் பொய்யை என் கையால் எழுத மாட்டேன் என்று பென்சிலை என் பக்கம் தள்ளிவிட்டார். படம் கீறிப் பழகிய அழகான எழுத்தில், ஆளில்லாத வீடு என்று நான் எழுதினேன். அச்சுக்குப் போகும்வரை அழிக்கலாம் என்றார் அவர்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு காலை, நாங்கள் ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கும்போது பொலிஸ் வந்தது. அன்ரன் அண்ணையை நாடு கடத்தக் கூட்டிப்போக வந்தவர்கள், ஒரு பையைக் கட்ட நேரம் கொடுத்தார்கள். சூளை அறைக்குள் போய் ஒருதரம் பார்த்துவிட்டு வந்து, "போட்டு வாறன் தம்பி" என்றார். ரொட்டி கருகியதைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை.

பின்னேரம் பிராவ் கிரேமர் தாளோடும் அழிறப்பரோடும் வந்தார். கண் சிவந்திருந்தது. இனி அவருக்கு இதால் ஒன்றும் வராது, அவர் பெயரையாவது எழுதட்டுமா என்று கேட்டார். அடுத்த கிழமை எனக்கு வெளிநாட்டவர் கந்தோரில் டெர்மின் இருந்தது, போய் நிற்கக் குறித்த நாள். அந்த வீட்டில் அன்ரன் இருந்தான் என்றால், வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்க மாட்டார்களா? நாங்கள் அங்கே இருப்பது நகரசபைக்குத் தெரியும்தான், ஆனால் பயம் அதையெல்லாம் யோசிக்காது. கொஞ்சம் பொறுங்கோ, என் டெர்மின் முடியட்டும் என்றேன். அவர் பொறுத்தார். அந்த டெர்மின் இன்னொரு டெர்மினைக் கொடுத்தது. அதற்குள் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. எனக்கும் பின்னர் விசா கிடைத்தது. வெட்கக்கேடு, அன்று எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன். வேலிக்கு அப்பால் கண்ணுக்கெட்டியவரை பள்ளம். கோயில் இல்லை, மதில் இல்லை, பிராவ் கிரேமரும் புது ஊரின் சவக்காலையில். இதற்குள் தண்ணீர் விட்டு ஏரியாக்கப் போகிறார்களாம். பிள்ளை புத்தகத்தை வாங்கி முப்பத்தோராம் இலக்கத்தை எடுத்து, புதிதாகப் படித்த ஜெர்மனில் விரல் வைத்து மெதுவாக வாசித்தாள். பேக்கரிக்காரரின் பரம்பரையும் கிழக்கே இருந்து வந்த ஆறு பேரும் கைக்குழந்தையும் வந்தார்கள். கடைசி வரியில் விரல் நின்றது.

"இதில ஒருத்தரும் இருக்கேல்லை எண்டு போட்டிருக்கு, அங்கிள்."

"அது நான் எழுதினது" என்றேன். ஏன் என்றும், பிறகு ஏன் அழிக்கவில்லை என்றும் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

"சரி, அப்பா எவடத்தில இருந்தவர்? அதையாவது காட்டுங்கோ."

அந்த ஊரின் ஒவ்வொரு வீட்டையும் நாடா பிடித்து அளந்தவன் நான். கையை நீட்டி, பள்ளத்துக்கு மேலே வெறும் வெளியில் ஓரிடத்தைக் காட்டினேன். அவள் தொலைபேசியை உயர்த்தி அதைப் படம் எடுத்தாள். நான் காட்டிய திசை சரிதானா என்று எனக்குத் தெரியவில்லை.