பின் சீட்டு இல்லாத மூன்று கார்கள்

பழைய கார் விற்கும் தொழிலில் காரைப் பற்றி நன்றாகத் தெரிந்திருப்பது ஒரு குறைபாடு. ஜவுளிக்கடையிலோ செல்போன் கடையிலோ நாள் முழுக்க நின்று, கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லி வாய் உலர்ந்துபோன நண்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். இரண்டு வருடம் வேலை தேடிவிட்டு, தூத்துக்குடி ரோட்டில் பந்தல்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பழைய கார் கடையில் சேர்ந்தேன். எங்கள் ஊரான பரளச்சியில் அப்பா அதற்குள், "மகன் கார் கம்பெனில இன்ஜினியரு" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். அதனால் இந்த வேலை போனால் எனக்கு மட்டும் போகாது.

எங்கள் கடையில் சின்ன லோடு வண்டிகளும் ஏழு பேர் போகும் கார்களும்தான் விற்கும். போன பங்குனியில் முதலாளி அண்ணாச்சி கோயம்புத்தூர் போனவர், அங்கே ஒருவர் ஆசைக்கு வைத்திருந்த மூன்று ஸ்போர்ட்ஸ் கார்களை மொத்தமாக வாங்கிக்கொண்டு வந்து இறக்கினார். மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே பெயர், அடுத்தடுத்த மூன்று தலைமுறை. மூத்தது சிவப்பு, ஸ்விட்சைத் தட்டினால் முன்விளக்குகள் பானெட்டுக்குள் இருந்து கண் விழிப்பது போல எழுந்து வரும். நடுவுள்ளது வெள்ளை; விளக்குகள் மற்ற கார்களைப் போல முகத்திலேயே இருக்கும். இளையது நீலம், கொஞ்சம் பருத்தது, பட்டனை அழுத்தினால் கூரை தானே மடிந்து பின்னால் போய்விடும். மூன்றிலும் இரண்டே சீட்டு. அவற்றை விற்கும் பொறுப்பு, இன்ஜினியர் என்பதால், எனக்கு வந்தது.

குறை என்ற பத்தி

ஒரு வாரம் உட்கார்ந்து மூன்று வண்டிகளையும் ஒப்பிட்டு, வண்டிக்கு ஓர் அட்டையாகத் தயாரித்தேன். மூத்தது எடை குறைவு, ஸ்டியரிங் கைக்குள் பேசும். ஆனால் விளக்கைத் தூக்கும் மோட்டார் தேய்ந்திருக்கிறது. நடுவுள்ளதில் இன்ஜின் இன்னும் நன்றாக இழுக்கும். ஆனால் ஒருமுறை மோதி, இடது பக்கம் நிமிர்த்தப்பட்டிருக்கிறது. இளையது சொகுசு, ஆனால் ஓட்டும்போது மூத்ததன் துள்ளல் இல்லை. நிறை, குறை என்று இரண்டு பத்திகள் போட்டு, பிரிண்ட் எடுத்து, கண்ணாடிகளில் ஒட்டினேன். மனதுக்குள் ஒரு நிம்மதி. யாரையும் ஏமாற்றவில்லை அல்லவா?

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றையும் படித்தார். பிறகு மூன்றையும் தன் கையாலேயே கிழித்தார். "ஏம்ப்பா, பொண்ணு பாக்க வந்தவுககிட்ட, இந்தப் பிள்ளைக்கு முழங்கால்ல தழும்பு இருக்கு பாருங்கன்னு நாமளே பாவாடையத் தூக்கிக் காட்டுவமா? ஆவணி முகூர்த்தம் முடியிறதுக்குள்ள மூணுல ஒண்ணு இந்தக் கேட்டத் தாண்டிப் போகணும். அது போகலேன்னா நீ போயிரு."

குலசாமி கணக்கு

சித்திரையில் திருச்சுழிப் பக்கமிருந்து ஒரு சம்சாரி வந்தார். நல்ல நிலபுலன் உள்ளவர் என்று வெள்ளை வேட்டியே சொன்னது. அவரோடு மனைவி, இரண்டு மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு லோடு வண்டி நிறைய ஆட்கள் இறங்கினார்கள். சிவப்பு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அவருக்கு நிறம் பிடித்துவிட்டது. கதவைத் திறந்து, முன் சீட்டைத் தள்ளிப் பார்த்து, பின்பக்கம் கையை விட்டுத் துழாவினார். "பின் சீட்டு எங்க தம்பி?"

இல்லை என்றேன். அவர்கள் வழக்கத்தில், வண்டி வாங்கினால் முதல் ஓட்டம் குலசாமி கோயிலுக்கு. வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் அதில் ஏற வேண்டும், வெட்டுகிற கிடாயும் அதிலேதான் வர வேண்டும். ஒருவரை விட்டுவிட்டுப் போனாலும் வருடம் பூராவும் அந்தப் பேச்சு ஓயாது. "அப்ப நடுவுள்ளதுல இருக்குமா?" என்றார். அதிலும் இல்லை. "கடைசியா வந்ததுல?" அதிலும் இல்லை. கம்பெனி வேண்டுமென்றே இரண்டு சீட்டு என்று வைத்திருக்கிறது, எடை குறையும், வளைவில் நன்றாகத் திரும்பும் என்று படம் வரைந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு வண்டியின் முதுகைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "மூணு தடவ மாத்தி மாத்திச் செஞ்சிருக்கான், ஒரு தடவகூடவா அவனுக்குப் பின் சீட்டு வைக்க ஞாபகம் வரல?"

கூரை

டீ குடிக்க நிறுத்திய ஒரு லாரி டிரைவர் உள்ளே வந்து, நீல வண்டியின் கூரை மடிவதைக் காட்டச் சொன்னார். அவர் வாங்கப் போவதில்லை என்று தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டாரே. முதல் இரண்டிலும் துணிக் கூரை, கையால்தான் மடிக்க வேண்டும், மூன்றாவதில்தான் மோட்டார் வந்தது என்று சொல்லிக்கொண்டே பட்டனை அழுத்தினேன். கூரை எழுந்து, மடிந்து, பின்னால் போய்ப் படுத்தது. நடுப்பகல் வெயில் உள்ளே நேராக இறங்கியது. சீட்டைத் தொட்டுப் பார்த்தவர் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். "நாங்க கூரை போட லோனு கேட்டு அலையிறோம். இவுக என்னடான்னா கூரைய எடுக்க மிசினு வச்சிருக்காக."

ஒற்றைக் கண்

மூத்ததன் விளக்குகள் எழுவதைப் பார்க்கவே தினமும் ஆட்கள் வந்தார்கள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள், பக்கத்து உரக்கடைக்கு வந்தவர்கள், ஒரு நாள் ஒரு கல்யாண வேனே நின்று பார்த்துவிட்டுப் போனது. மோட்டார் தேய்ந்திருக்கிறது, அடிக்கடி போட வேண்டாம் என்று நான் கெஞ்சுவதை யாரும் காதில் வாங்கவில்லை. அண்ணாச்சியே தன் சம்பந்திக்கு நாலு தரம் போட்டுக் காட்டினார்.

நான் பயந்தபடியே நடந்தது. அருப்புக்கோட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒருவர், மனைவியும் மூன்று பெண்களுமாக வந்தார். பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஸ்விட்சைத் தட்டினேன். வலது கண் எழுந்தது. இடது கண் எழவில்லை. மறுபடி தட்டினேன். வலது மட்டும் மூடியது, மறுபடி திறந்தது. பெண்கள் மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மோட்டாரில் உள்ள பல்சக்கரம் தேய்ந்தால் இப்படி ஆகும், சரிசெய்து தருகிறோம் என்று நான் அவசரமாக விளக்க ஆரம்பித்தேன். பாத்திரக்கடைக்காரர் பெண்களைத் தன் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: "கண்ணடிக்குது தம்பி. பொம்பளப் பிள்ளைக இருக்குற வீட்டுக்கு இது சரிப்பட்டு வராது."

வேகத்தடை

டவுனில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் மகனுக்கு என் வயதுதான் இருக்கும். ஓட்டிப் பார்த்துத்தான் சொல்வேன் என்றார். மூன்றில் தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி கொஞ்சம் அதிகமுள்ளது எது என்று கேட்டார். இளையது என்று உண்மையைச் சொன்னேன். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் நான் செய்த தவறு. சொல்லக் கூடாது என்று இல்லை. நான் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்வதற்குள் அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

திருச்சுழி போகும் வழியில் ஒரு ஊர். அந்த ஊர்க்காரர்கள் தாங்களே மண்ணும் ஜல்லியும் கொட்டி ஒரு வேகத்தடை போட்டிருந்தார்கள். முன்சக்கரங்கள் தாண்டின. பிறகு வண்டி வயிற்றைத் தடையின் மேல் வைத்து உட்கார்ந்துகொண்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த மினிபஸ் ஹாரன் அடித்தது. பருத்திக் காட்டிலிருந்து நாலு பேர் வந்து, ஆளுக்கு ஒரு மூலையாகப் பிடித்துத் தூக்கித் தூக்கி அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். வேலியோரம் தலைச்சும்மாட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, ஜவுளிக்கடை மகன் மறுபடி வண்டியில் ஏறப் போவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாலு பேரு தூக்கிட்டுப் போற வண்டி எங்க ஊருலயும் ஒண்ணு கெடக்குய்யா. ஆனா அதுல உசுரோட ஒருத்தனும் ஏற மாட்டான்."

ஒரு கேள்வி

ஆடி மாதம் யாரும் வரவில்லை. ஆவணி பிறந்து பாதி போனபின், விருதுநகரிலிருந்து ஒருவர் வந்தார். இத்தனை மாதத்தில் வண்டியைப் பற்றித் தெரிந்துகொண்டு வந்த ஒரே ஆள். முதல் தலைமுறையின் ஸ்டியரிங்கைப் பற்றி அவரே பேசினார். இரண்டாவதில் இன்ஜினை மாற்றியது நல்லது, மூன்றாவதைப் பருக்கவிட்டது தப்பு என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. வெள்ளை வண்டிதான் வேண்டும் என்று முடிவு செய்து, பேப்பர் வேலை பார்க்கும் முத்துலட்சுமி அக்காவின் மேசை முன்னால் போய் உட்கார்ந்தும்விட்டார். அண்ணாச்சி மதுரை போயிருந்தார். கடைசி முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

பேனாவை எடுத்தவர், பேச்சுவாக்கில் கேட்டார்: "அடிகிடி ஒண்ணும் படலயே?" சும்மா தலையை ஆட்டியிருக்கலாம். அப்பா ஊரில் சொல்லிவைத்ததெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. இந்த மனிதர் மலைப்பாதையில் ஓட்டப் போவதாகச் சொன்னதும் ஞாபகத்துக்கு வந்தது. இடது பக்கம் மோதியிருக்கிறது, சேசிஸை இழுத்து நிமிர்த்தியிருக்கிறார்கள், எண்பதைத் தாண்டினால் இடப்பக்கம் இழுக்கும் என்று சொல்லி முடித்தேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நன்றி சொன்னார், கைகூடக் கொடுத்தார், போய்விட்டார். அண்ணாச்சி கேட்பதற்கு முன் நானே போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். நான் சொல்லி முடித்ததும் போனை வைத்துவிட்டார். முத்துலட்சுமி அக்கா நிரப்பாத பாரத்தைத் திரும்ப டிராயருக்குள் வைத்தார். "அந்த மனுசன் கேட்டது ஒரு கேள்வி, நீ சொன்னது மூணு பதிலு. மூணாவதையாவது ஒன் வாய்க்குள்ள வச்சிருக்கக் கூடாதா தம்பி?"

நிக்குமா

கடைசி முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னால், வீரசோழனிலிருந்து ஜமால் பாய் வந்தார். சுற்றுவட்டாரக் கல்யாணங்களுக்கு மேடை அலங்காரம் செய்து, போட்டோ, வீடியோ எடுப்பவர். அண்ணாச்சி உள்ளே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ நம்பிக்கையெல்லாம் போய்விட்டிருந்தது. பாய் வாயைத் திறப்பதற்கு முன்பே மூன்று வண்டிகளின் குறைகளையும் ஒப்பித்துவிட்டேன். சிவப்பு கண்ணடிக்கும், நீலம் வேகத்தடையில் உட்காரும், வெள்ளை மோதின வண்டி, இடப்பக்கம் இழுக்கும், மூன்றிலும் பின் சீட்டு கிடையாது. பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெள்ளை வண்டியின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஓடுறதப் பத்தி நான் ஒண்ணுமே கேக்கலயே. நிக்குமா?"

நிற்கும் என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"மாப்பிள்ள பொண்ண உக்கார வச்சுப் படம் எடுக்கத்தான். லோடு வண்டில ஏத்திக் கொண்டுபோய் மண்டபத்து வாசல்ல எறக்கிருவேன். வெள்ளைன்னா லைட்டுக்கும் எடுப்பா இருக்கும்," என்றவர் உள்ளே குனிந்து பார்த்தார். "பின் சீட்டு இல்லேன்னீகளே, நெசமாவே இல்லயா? வேணும்னா மாட்டிக்கிறலாம், அந்த மாதிரி எதும்?"

இல்லை, மாட்டவும் முடியாது, மூன்று தலைமுறையிலும் கம்பெனி அதை மாற்றவே இல்லை என்று பழகிய அலுப்போடு சொன்னேன். பாய் முகத்தில், இத்தனை மாதங்களில் நான் யார் முகத்திலும் பார்க்காத ஒரு சந்தோஷம் வந்தது. "இருபது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன் தம்பி. மாப்பிள்ள பொண்ணு கார்ல ஏறுறதுக்குள்ள மாப்பிள்ளைக்கு அக்கா, அக்கா பிள்ளைக, தாய்மாமன், அவரு கொழுந்தியான்னு அத்தன பேரும் ஏறி உக்காந்துருவாக. எறங்குங்கன்னு சொன்னா மண்டபத்துல சண்ட. ரெண்டு பேரத் தனியா வச்சு ஒரு படம் எடுக்க இன்னிக்கு வரைக்கும் எனக்குக் கொடுத்துவைக்கல. எடமே இல்லாத வண்டின்னா யாரு கோவிச்சுக்க முடியும்? பேப்பர எடுக்கச் சொல்லுங்க."

முத்துலட்சுமி அக்கா டிராயரைத் திறந்து அதே பாரத்தை எடுத்தார். சாயங்காலம் வெள்ளை வண்டி ஒரு லோடு வண்டியின் முதுகில் ஏறிக் கேட்டைத் தாண்டிப் போனது. அப்பாவுக்குப் போன் போட்டு, வண்டி விற்றுவிட்டது என்று மட்டும் சொன்னேன். எதற்கு விற்றது என்று சொல்லவில்லை. இந்தத் தொழிலில் நான் மறைத்த ஒரே விவரம் அதுதான். அண்ணாச்சி வாசலுக்கு வந்து, காலியான இடத்தையும் மீதி இரண்டையும் என்னையும் வரிசையாகப் பார்த்தார். "சரி, இருந்துக்க. தை முகூர்த்தத்துக்குள்ள கண்ணடிக்கிறதையும் அனுப்பிவிடு."

நாலு வருடம் படித்த படிப்பை வைத்து மூன்று தலைமுறை வண்டிகளுக்கும் உள்ள வித்தியாசங்களை நான் ஊருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க, மூன்றிலும் மாறாமல் இருந்த ஒரு குறையைத்தான் கடைசியில் ஒருவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்.