சிஐடி அக்காவும் தம்பி கொண்டுவந்த காரும்

மிச்சமிருக்கும் சார்ஜில் கார் இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று திரையில் காட்டுகிற இடத்தின்மேல் அக்கா ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி மறைக்கிறார். "இது சொல்றதைப் பாத்துக்கிட்டே ஓட்டினா, நாமளும் சேர்ந்து பொய் சொல்ல வேண்டியதுதான்." பிறகு இறங்கி, டயர்களில் காற்றை அளக்கிறார். கம்பெனிக்காரர்கள் அடித்து அனுப்பிய காற்றாயிற்றே!

கார்ப் பத்திரிகையில் மின்சாரக் கார்களை ஓட்டிப் பார்த்து எழுதுவது அவர் வேலை. அலுவலகத்தில் அவருக்குப் பெயர் சிஐடி அக்கா. போட்டிக் கம்பெனிகளின் வண்டிகளை ஒரே பாதையில் ஓட்டுவார்: கடைத்தெரு நெரிசல், பாலம், கடைசியில் மலையேற்றம். எல்லா வண்டியிலும் ஒரே பாரம் வேண்டும் என்பதற்காகப் பின்சீட்டில் கணவர்.

"என்னை மூட்டையாவே ஆக்கிட்டே. ஏசியாவது போடேன்."

"போட்டுத்தான் இருக்கேன். மூட்டை பேசக் கூடாது."

ஒரு முறை வந்த இரண்டு கார்களில் ஒன்றைக் கொண்டுவந்தது அவருடைய சொந்தத் தம்பி. அந்தக் கம்பெனியில் விற்பனை அதிகாரி. அவன் வண்டி மலையேறி இறங்கியும் களைப்பே காட்டவில்லை. போட்டிக் கம்பெனியின் வண்டி தள்ளாடி வந்து சேர்ந்தது. வேறு யாராவது என்றால் தம்பியைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அக்காவோ அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இவ்வளவு நல்லா ஓடுதே, ஏன்?"

அடுத்த தெருத் தையற்காரம்மா அதே ரகக் காரைக் கடையில் வாங்கி வைத்திருந்தார். அவரிடம் கெஞ்சிக் கேட்டு, அதையும் அதே மலையில் ஏற்றினார். மலையடிவாரத்துக்குத் திரும்பும் முன்பே சார்ஜ் தீர்ந்து, காரை வண்டி வைத்து இழுத்துவர வேண்டியதாயிற்று.

விஷயம் தெரிந்து தம்பி ஓடிவந்தான். "எழுதாதேக்கா. என் வேலைக்கே உலை வச்சிடுவாங்க. என்னையுமா சந்தேகப்படறே?"

"உன் வண்டியைத்தான்டா சந்தேகப்பட்டேன். இப்போ நீ பயப்படறதைப் பாத்தா உன்னையும் சேத்துக்கலாம்போல இருக்கு."

அவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனான்.

சோதனைக்கு ஒரு வண்டி, கடையில் வேறு வண்டி என்று கட்டுரை வந்தது. சோதனைக்குக் கொடுத்த வண்டியில் 'அமைப்பு சற்று வேறு' என்று கம்பெனி மழுப்பியது. தம்பியை ஊர் மாற்றினார்கள். அவன் போன் செய்வதும் நின்றுபோனது. அக்கா அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை, கணவரிடம் மட்டும், காரை ஓட்டும்போது, ரோட்டைப் பார்த்தபடியே கேட்பார்: "அவனுக்குத் தெரிஞ்சிருக்குமோ?" அந்தக் கேள்விக்கு மூட்டை பதில் சொல்லாது.

போன வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், தம்பி வாசலில் வந்து நின்றான். இளைத்திருந்தான்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. அந்த வேலையையே விட்டுட்டேன்."

அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "சரி, முதல்ல உக்காந்து சாப்பிடு" என்று தன் தட்டையே அவன் பக்கம் தள்ளினார்.

அவன் கை கழுவ உள்ளே போனதும், ஜன்னலுக்குப் போய், திரையை ஒற்றை விரலால் விலக்கி, அவன் எந்தக் கம்பெனி வண்டியில் வந்திருக்கிறான் என்று எட்டிப் பார்த்தார்.